உமியின் விலை

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் எல்லாரும் முதலில் துறைமுகத்தின் ஆழத்தையே அளக்கின்றனர். எந்தெந்த நாட்டுக் கடற்படைகள் அதன்மீது கண் வைத்தன, எவன் எப்போது பிடித்தான், எவனிடம் இழந்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டுரையும் முடிந்துவிடுகிறது. துறைமுகத்தின் முதுகுப் புறத்தே கிடக்கும் நாடு, அதாவது தம்பலகாமத்து வயல்வெளியும், கந்தளாய்க் குளத்து நீர்ப்பாய்ச்சலும், கிண்ணியாவின் விறகு வெட்டிகளும், மூதூரின் சேனைக்காரரும், பெரும்பாலும் எவருடைய எழுத்திலும் தலைகாட்டுவதில்லை. அந்த முதுகுப் புறத்தில் விளையும் பொருள்களுள் மிகவும் மலிவானதொன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நெல்லின் மேலாடையாகிய உமியைப் பற்றி. அதனோடு சேர்த்து விறகைப் பற்றி. இவ்விரண்டையும் மேலான எரிபொருளாக மாற்றும் வித்தை இன்று யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பற்றி.

உமிக்கு விலை உண்டென்று என் சிறுவயதில் எவராவது சொல்லியிருந்தால் எங்கள் ஊரே சிரித்திருக்கும். அரிசி ஆலையின் பின்புறத்தில் அது குன்றாகக் குவிந்து கிடக்கும். சாக்கோடு போனவர் சாக்கு நிறைய, கடகத்தோடு போனவர் கடகம் நிறைய அள்ளிக்கொண்டு வரலாம். அள்ளாவிட்டால்தான் ஆலைக்காரருக்குக் கோபம். மாரி காலத்தில் நனைந்து புளித்து நாறும். கோடையில் எங்காவது ஒரு பொறி பட்டு, சுவாலையின்றி நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். வாய்க்காலில் தள்ளிவிட்டவர்களும் உண்டு. செங்கல் சூளைக்காரரும் குயவரும் வண்டி கட்டிவந்து ஏற்றுவர். மீதி, வீடுகளின் அடுப்புக்கு.

உமி அடுப்பைக் காணாத இளைய வாசகருக்காக ஒரு வார்த்தை. மேல்மூடி வெட்டிய தகரப் பேணி ஒன்றின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியைக் கொட்டி இறுக்கி, பின் போத்தலை மெதுவாகத் திருகி உருவிவிட வேண்டும். அடியில் விட்ட துவாரத்தின் வழியாகச் சிறு கொள்ளியொன்றைச் செருகினால், போத்தல் இருந்த குழாய் வழியே தீ மேலெழும். ஊத வேண்டியதில்லை, தள்ள வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு அது தன்பாட்டில் எரியும். என் தாயார் அதில் குரக்கன் கூழையும் அவித்தார், எங்கள் அழுக்குத் துணிகளையும் அவித்தார். பெயர் தெரியாத எந்த அறிவாளியோ கண்டுபிடித்த அந்தப் பேணிக்குள், காற்றைக் குறைத்து வைத்து உமியை முதலில் ஆவியாக்கி, அந்த ஆவியைப் பின்னர் எரிக்கும் நுட்பம் அடங்கியிருந்தது என்பதை நான் பௌதிகம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே விளங்கிக்கொண்டேன். எரிந்து முடிந்த கரி மறுநாள் காலையில் பல் துலக்கப் பயன்படும்.

இடியப்பம் அவித்து விற்றுப் பிழைத்த விதவைக் கிழவி ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வெறும் சாக்கோடு ஆலையிலிருந்து திரும்பி வந்தவர் என்னைக் கண்டு நின்றார். "உமிக்கும் காசாம் தம்பி. லொறிக்காரனுக்குப் பேசியாச்சாம். இனிச் சாம்பலையும் விலைக்குத்தான் வாங்க வேணுமாக்கும்," என்றார். அவருடைய குரலில் இருந்தது கோபத்தைக் காட்டிலும் வியப்பே. தானும் தன் தாயும் தாயின் தாயும் விலையின்றி எடுத்த ஒரு பொருள் ஒரே நாளில் சரக்காகிவிட்டதைக் கண்ட வியப்பு. சரக்கு என்றால் என்ன என்று பெரிய நூல்களில் நாம் தேடிப் படிக்கும் விளக்கம் அன்று அந்த வெறும் சாக்கில் இருந்தது.

உமி ஏன் சரக்காயிற்று? இதற்கான விடையைத் துறைமுகக் கரையிலேயே காணலாம். குடாவின் ஓரமாக நிற்கும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுமுன்னரே, உமியையும் விறகையும் எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாற் நிலையமொன்றை அமைத்துக்கொண்டது. மகியங்கனையில் 5 மெகாவாற் நிலையமொன்றைப் பின்னர் நிறுவியதும் அதே நிறுவனந்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாய்க்காலில் நாறிய உமி மின்சாரமாவது நல்லதே. அந்த அளவுக்கு நிலக்கரியும் உலை எண்ணெயும் கப்பலில் வந்திறங்க வேண்டியதில்லை என்பதும் நல்லதே. ஆனால் நல்லது என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது கணக்குத் தெரியாதவன் பேச்சாகும். ஆகவே உயர்தர வகுப்பு மாணவரிடம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 மெகாவாற் மின்சாரத்துக்கு 40 மெகாவாற் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உமி ஏறக்குறைய 14 மெகாயூல் வெப்பந் தரும். அப்படியானால் விநாடிக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 தொன் உமி. நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கே உமியாதலால், அந்த 250 தொன்னைப் பெற 1,250 தொன் நெல் குற்றப்பட வேண்டும், ஒவ்வொரு நாளும். உமி காற்றைப்போல் இலேசான பொருள்; ஒரு கனமீற்றர் உமி நூறு கிலோ அளவே நிற்கும். 250 தொன் என்பது 2,500 கனமீற்றர். எங்கள் வகுப்பறையின் நீள அகல உயரத்தை அளந்து வந்த ஒரு மாணவி, "சேர், இந்த மாதிரிப் பதினேழு வகுப்பு நிறைய வேணும், ஒரு நாளைக்கு!" என்று கத்தினாள். வருடக் கணக்கைப் பார்த்தால், முழு வேகத்தில் உமியை மட்டுமே தின்னும் அத்தகைய ஒரு நிலையம், நல்ல ஆண்டுகளில் 45 இலட்சம் தொன்னைத் தாண்டும் இலங்கையின் நெல் விளைச்சலில் பத்திலொரு பங்குக்கு அண்மையான நெல்லின் உமியைக் கேட்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. ஒன்று, கிழவியின் சாக்கு ஏன் வெறுமையாயிற்று என்பது. மற்றது, இத்தகைய நிலையங்கள் ஏன் உமியோடு நிற்க முடியாமல் விறகை நோக்கித் திரும்பின என்பது. மூன்றாவதாக ஒன்றையும் ஒரு பையன் கண்டுபிடித்தான். 250 தொன் உமியில் 50 தொன் சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அளவான சூட்டில் எரிந்த அந்தச் சிலிக்காவைச் சீமெந்தோடு கலந்தால் கொங்கிறீற்று உறுதிப்படும். உமியின் வெப்பம் மட்டுமன்றி அதன் சாம்பலும் பயன்படக்கூடிய தொழில் சீமெந்துத் தொழில். கிழவிக்கும் சாம்பல் பயன்பட்டது, பாத்திரம் விளக்குவதற்கு.

விறகு என்றதும் காட்டை நினைக்க வேண்டாம். இங்கே பேசப்படுவது சீமைக்கிளுவை. எமது வேலிகளில் கதியாலாக நிற்கும் மரம். சிங்கள மக்கள் கினிசீரியா என்பர். நடு அமெரிக்காவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்கு நிழல் மரமாக வந்தது. வெட்ட வெட்டத் தளிர்க்கும். வேரில் நைதரசனைச் சேர்த்து மண்ணுக்கு உரமிடும். குழையை வயலுக்குப் புதைக்கலாம், ஆட்டுக்கும் போடலாம். தேயிலை, றப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இதனை 2005 இல் அரசு அறிவித்தது. வேலிக் கதியாலுக்குக் கிடைத்த பதவி உயர்வு! பெருந்தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சில் எழும் நினைவுகள் அவ்வளவு இனியவையல்ல என்பது கொழும்பில் அறிக்கை எழுதியவருக்குத் தோன்றியிராது போலும்.

இனி, விடயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். விறகும் உமியும் ஏன் தாழ்ந்த எரிபொருள்கள்? பெற்றோலுக்கும் டீசலுக்கும் உள்ள மதிப்பு அவற்றுக்கு ஏன் இல்லை? நாகரிகமற்றவர்களின் எரிபொருள் என்பதாலன்று. இயற்கை அவற்றை மூன்று சுமைகளோடு படைத்திருக்கிறது. முதற் சுமை நீர். அன்று வெட்டிய பச்சை விறகின் நிறையில் பாதி நீர். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்கு 18 மெகாயூல் தரும். பச்சை விறகு அதில் பாதிக்கும் குறைவாகவே தரும், ஏனெனில் தன் நீரைத் தானே கொதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாஞ் சுமை ஒட்சிசன். மரத்தின் காபன் முன்னரே பாதி எரிந்தது போன்ற நிலையில், ஒட்சிசனோடு பிணைந்து கிடக்கிறது. டீசலோ கிலோவுக்கு 42 மெகாயூலுக்கு மேல் தரும். மூன்றாவது, இடத்தை அடைக்கும் பருமன். இலேசான பொருளைத் தூரத்துக்கு ஏற்றிப்போகும் லொறி தன் டீசலைக் காற்றைச் சுமப்பதற்கே செலவிடுகிறது.

தாழ்ந்த உயிர்த்திணிவை மேலான எரிபொருளாக்குவது என்று விஞ்ஞானிகள் சொல்வதெல்லாம் இந்தச் சுமைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதேயாகும். உலர்த்தினால் நீர் இறங்கும். நறுக்கி, பொடித்து, அமுக்கிக் கட்டியாக்கினால் பருமன் இறங்கும். காற்றை அடைத்துச் சூடாக்கினால் கரியாகும். மெதுவாகச் சூடாக்கினால் கரி மிகும், 500 பாகை அளவில் திடீரென்று சூடாக்கி ஆவியை உடனே குளிரவைத்தால் உலர்ந்த மரத்தின் நிறையில் முக்காற் பங்குவரை கரிய எண்ணெயாக வடியும். அந்த எண்ணெய் நிறத்தில் மட்டுமே கல்லெண்ணெய்க்கு உறவு. அது விநாகிரிபோலப் புளித்தது, இரும்பை அரிப்பது, வைத்திருக்கத் தடிப்பது, டீசலின் வெப்பத்தில் பாதியுந் தராதது. அதிலுள்ள ஒட்சிசனை ஊக்கிகளையும் ஐதரசனையும் கொண்டு கழற்றினால்தான் இயந்திரத்துக்கு ஏற்றதாகும். அதற்குப் பெரிய ஆலையும் பெருமூலதனமும் வேண்டும். இன்னொரு வழி, குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்குவது. காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த அந்த வாயுவை வடித்துத் துப்புரவாக்கி இயந்திரத்துக்குள் விடலாம். இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் கிடைக்காமற்போக, உலகெங்கும் ஏறக்குறைய பத்து இலட்சம் வாகனங்கள் இவ்வாறு விறகிலும் கரியிலும் ஓடின. தமிழ்நாட்டின் பழைய தலைமுறையினர் கரி பஸ் என்று சொல்லிச் சிரிப்பது இதைத்தான். எங்கள் உமி அடுப்பும் இந்தக் குடும்பத்தின் ஏழைப் பிள்ளையே.

இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் பொருளின் வெப்பம் செறிகிறது, விலையும் செறிகிறது. ஆனால் படி ஏறுவது ஒருவர், படியின் அடியில் நின்று சுமை தூக்கிக் கொடுப்பது இன்னொருவர். கதியாலை வெட்டிச் சாலையோரத்தில் அடுக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது பச்சை விறகின் விலை. அதை உலர்த்தி, நறுக்கி, கொதிகலத்தில் போட்டு, மின்சாரசபைக்கு அலகுக் கணக்கில் விற்பவர் பெறுவது மின்சாரத்தின் விலை. தேயிலைக் கொழுந்துக்கும் கொழும்பு ஏலத்துக்கும் இடையில், தேங்காய்க்கும் ஏற்றுமதித் துருவலுக்கும் இடையில் நாம் நெடுங்காலமாகக் கண்டுவந்த அதே இடைவெளிதான் இது.

படி முழுவதும் பெரிய முதலாளிக்கே உரியது, சிறியவர்களால் ஏற முடியாது என்று சொல்வார்கள். அது உண்மையன்று. மேற்படிகளுக்குப் பெருமூலதனம் வேண்டும் என்பது உண்மை, கீழ்ப்படிகளுக்கு வேண்டியதில்லை. சீனத்தில் 1960களிலேயே 160 கிலோவாற் அளவுள்ள உமி வாயு இயந்திரங்கள் அரிசி ஆலைகளில் ஓடின. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள ஹோசஹள்ளி என்ற சிற்றூரில், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தார் 1988 இல் விறகு வாயு இயந்திரமொன்றை அமைத்து ஊருக்கு விளக்கும் தண்ணீரும் கொடுத்தனர். பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில், மின்கம்பம் எட்டாத தம்குகா என்ற கிராமம், 2007 இல் உமி வாயுவால் ஒளி பெற்றது. அதே முறை பின்னர் வேறு பல கிராமங்களுக்கும் பரவியது. இவை எல்லாம் தடையின்றி வாழ்ந்தன என்று சொல்லி வாசகரை ஏமாற்ற விரும்பவில்லை. உமி வாயுவில் தார் படியும்; வடிகட்டியை நாள்தோறும் கழுவ வேண்டும்; கழுவிய கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பது தனித் தலைவலி. பீகாரில் அம்முயற்சியைத் தொடங்கியவர்களே பிற்காலத்தில் சூரிய ஒளியைப் பெரிதும் நாடினர். எனினும் ஒரு செய்தி அசைக்க முடியாதது. ஒரு தொன் நெல்லைக் குற்றினால் 200 கிலோ உமி. இரண்டு கிலோ உமிக்கு ஓர் அலகு என்று வைத்தாலும் 100 அலகு மின்சாரம். அந்த நெல்லைக் குற்றுவதற்கு அவ்வளவு மின்சாரம் வேண்டியதில்லை. தன் உமியால் தானே ஓடி மிச்சமும் பிடிக்கக்கூடிய ஆலை, உமியை லொறிக்கு விற்று மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கே இது புதிய பாடமன்று. கந்தளாயில் 1960 அளவில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு அரசாங்கச் சீனித் தொழிற்சாலை எழுந்தது. கரும்பைப் பிழிந்த சக்கை கொதிகலத்துக்கு, கழிவுப்பாகு மதுசாரத்துக்கு என்று, வயலிலிருந்து வந்த பொருளை அந்த வயலின் அருகிலேயே படிப்படியாக உயர்த்தக்கூடிய ஏற்பாடு. அந்தத் தொழிலில் வேலை பழகிய மூத்தவர்களோடு பேசியிருக்கிறேன். கொதிகலத்தின் உறுமலை அவர்கள் தம் வீட்டுப் பசுவின் குரலை நினைப்பதுபோல நினைவுகூர்வர். தொண்ணூறுகளில் ஆலை மூடப்பட்டது. இயந்திரம் துருவேறியது, கரும்புக் காணிகள் கைமாறிப் போவதும் வழக்காடுவதுமாயின. தேர்தலுக்குத் தேர்தல் அது மீண்டும் திறக்கப்படுகிறது, மேடையில்.

பெரிய படிகளின் வரலாறும் சொல்லத் தக்கதே. கரியை வாயுவாக்கி, வாயுவை எண்ணெயாக்கும் முறையை 1920களில் ஜேர்மனியில் பிஷர், துரொப்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டனர். இட்லரின் போர் இயந்திரம் அந்த எண்ணெயையும் குடித்தது. பின்னர், 1955 முதல், தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு அதே முறையால் தன் நிலக்கரியைப் பெற்றோலாக்கி, உலகத்தின் புறக்கணிப்பைத் தாக்குப்பிடித்தது. இன்று அதே இரசாயனத்தை மரத்தூளிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் செய்யப் பயன்படுத்த முயல்கின்றனர். ஊக்கி யாரென்று கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்கவேண்டிய கேள்விகளுள் முதலாவது நிலத்தைப் பற்றியது. எரிபொருட் பயிருக்குத் தரிசு நிலமே பயன்படுத்தப்படும், உணவுப் பயிரின் நிலம் தொடப்படமாட்டாது என்று ஒவ்வொரு திட்டமும் உறுதியளிக்கிறது. உணவைப் பெறும் உரிமைக்கான ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராயிருந்த ஜீன் சீக்ளர், தானியத்தை எரிபொருளாக்குவது மானுடத்துக்கு எதிரான குற்றமென்று 2007 இல் கண்டித்த பின்னர் இந்த உறுதிமொழி இன்னும் உரத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் தரிசு என்றால் என்ன? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என்று ஊகித்துக்கொண்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சேனை வெட்டி, இடையில் மண்ணை ஆறவிட்ட குடியானவனின் நிலம், ஆறிக்கொண்டிருந்த காரணத்தாலேயே தரிசாயிற்று. மாடு மேய்ந்த புற்றரையும், பெண்கள் சுள்ளி பொறுக்கிய பற்றையும் தரிசாயின. வரைபடத்தில் வெறுமையாய்த் தோன்றும் இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டியோ ஒரு விறகுக் கட்டோ இருக்கக்கூடும் என்பதை நில அளவையாளர் குறிப்பதில்லை.

இது பழங்கதை என்பவர் சம்பூருக்குப் போய்வரட்டும். 2006 இல் போரினால் துரத்தப்பட்ட அம்மக்கள் திரும்பி வருமுன்னரே, அவர்களுடைய மண்ணில் இந்திய நிறுவனமொன்றின் கூட்டோடு 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் எழும் என்று ஏற்பாடாகிவிட்டது. கைத்தொழில் வலயத்துக்கென்று எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 இல்தான் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது; முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் தளராமல் மறுத்துநின்ற மக்களுக்கு அதில் பங்குண்டு. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே வேளையில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான உடன்பாட்டில் கையொப்பமிட்டன. நிலக்கரியைவிட ஞாயிறு நல்லது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் எரிசக்தி என்ற சொல் மூதூர்க் கரையில் எப்போதும் வேலியடைப்பின் சொல்லாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் காட்டுக்குள் மறைத்துக் கட்டிய அந்த இரும்புப் பானைகளில் இன்று 99 எஞ்சியுள்ளன; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானமொன்று பாய்ந்ததில் எரிந்தழிந்த தாங்கியின் இரும்பு உருகிச் சுருண்டு, இன்றும் ஒரு பூதத்தின் கசங்கிய சட்டைபோலக் கிடக்கிறது. 2022 சனவரியில் அத்தாங்கிகளுள் 61 ஐ இலங்கை, இந்திய எண்ணெய் நிறுவனங்களின் கூட்டுக் கம்பனிக்கு ஒதுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டின் மார்ச்சு முடிவில் நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் மூழ்கியது. மண்ணெண்ணெய் வரிசையில் நான் நின்ற நாட்களில், எனக்கு முன்னும் பின்னும் நின்றவர் பெரும்பாலும் கடற்றொழிலாளர். இயந்திரப் படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் கையிற் கலனோடு வந்தவர்கள். ஆசியாவின் பெருந்தாங்கிகள் நிற்கும் குடாவின் கரையில், ஐந்து லீற்றருக்கு விடியவிடியக் காத்திருப்பு. வரிசையில் நின்ற முதியவரொருவர், "எங்கட அப்புமார் பாயிலதான் போனவை, காத்துக்கு கியூ இல்லை," என்றார். எவரும் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் எரிவாயு அடுப்புள்ள நகர வீடுகளும் முற்றத்தில் கல் மூன்றை வைத்தன. அப்போதுதான் பலருக்குப் புகை என்றால் என்னவென்று தெரிந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு அது எந்நாளும் தெரியும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இலங்கையின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. வீட்டுப் புகையினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. விறகை மேலான எரிபொருளாக்கும் ஆராய்ச்சிக்கு உலகெங்கும் கொட்டப்படும் பணத்தில் ஒரு துளியைக்கொண்டு, களிமண்ணால் குயவர் செய்யும் இரட்டை அடுப்பான அனகி அடுப்பு வகையைச் செம்மைப்படுத்தியிருக்கலாம். உலர்ந்த விறகை அடுக்கிவைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாழ்வாரம் போட்டிருக்கலாம். அது ஏற்றுமதிக்கு உதவாதே! இங்கிலாந்தின் யோர்க்சயரில் டிராக்ஸ் என்ற மின்நிலையம் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து மரக்கட்டிகளைக் கப்பலில் வரவழைத்து எரித்து, பசுமை என்ற பெயரில் அரச மானியமும் பெற்றுவந்திருக்கிறது. வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அத்தனை கரியமிலவாயுவையும் உறிஞ்சும் வரைக்கும் அந்தப் பசுமை கடன் பசுமையே. எமது கதியால் எட்டுப் பத்து மாதத்தில் மீளத் தளிர்க்கிறது. அந்த அளவில் அது நேர்மையான மரம்.

இவ்வளவையும் வகுப்பில் பேசிய பின்னர், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கிண்ணியாப் பக்கத்தவன், தகப்பனார் விறகு வெட்டிக் கொடுப்பவர். "சேர், வாப்பா விறகைக் காயவைச்சுக் குடுத்தா நிறை குறையும். நிறை குறைஞ்சா காசு குறையும். பச்சையாக் குடுத்தா, ஈரம் கூட என்டு தரகர் தன்ட எண்ணத்துக்குக் கழிக்கிறார். அப்ப எப்பிடிக் குடுக்கிறது?" என்று கேட்டான்.

நான் கரும்பலகையில் எழுதிய எல்லாவற்றிலும் அவன் கேள்வியே கூரியதாயிருந்தது. நிறைக்கு விலை பேசினால், எரிபொருளை உயர்த்துபவனுக்குத் தண்டனை. உயர்த்தாதவன் நீரை விற்கிறான். நீரின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் வாங்குபவன் கையில். ஏணியின் முதற் படியாகிய உலர்த்தல், ஆலையுமின்றி மூலதனமுமின்றி வெயிலே செய்து தரும் வேலை. அந்தப் படியைக்கூட விறகு வெட்டியின் காலுக்கு எட்டாமல் செய்வது ஒரு தராசு. ஈரப்பதம் அளக்கும் கருவி ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மேசையில் இருந்து, உலர்ந்த நிறைக்கு விலை என்று எழுத்தில் இருந்தால், நிலைமை வேறு.

கருவி எங்களிடம் இல்லை. ஆய்வுகூடத்தில் தராசும் ஒரு பழைய சூடாக்கும் அடுப்பும் இருந்தன. மறுநாள் அவன் தகப்பனார் வெட்டிய சீமைக்கிளுவைத் துண்டுகள் நான்கைக் கொண்டுவந்தான். நிறுத்தோம். 105 பாகையில் வைத்து, நிறை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுத்தோம். பள்ளிக்கூடம் விட்ட பின்னும் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் தராசைச் சுற்றி நின்றனர். முடிவில் துண்டுகள் ஏறக்குறையப் பாதி நிறைக்கு இறங்கியிருந்தன. அவன் நான்கு எண்களையும் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி, தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெயிலில் ஒரு வாரம் கிடந்த துண்டுக்கும் இதேபோல் பார்க்க வேண்டும், அந்தக் கணக்கையும் தரகரிடம் காட்ட வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.